பாசி பிடித்த கூரைக்கு என்ன செய்யலாம்?

வீடும் வளவும்: கேள்வி – பதில்

மாரி முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் கூரைக் கடிதங்களே அதிகம். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நமது கரையோர ஊர்களுக்கு வானிலை ஒன்றுதான். ஒக்டோபர் கடைசியில் வாடையோடு தொடங்கும் மழை ஜனவரி வரை விட்டுவிட்டுப் பெய்யும். வருடத்து மழையில் பெரும்பங்கு அதற்குள் இறங்கிவிடும். அந்த நாட்களில் கூரைக்குக் காய நேரமே இல்லை. பிறகு கச்சான் வீசும் மாதங்களில் எல்லாம் வறண்டு, பச்சை கறுப்பாகி, வெறும் கறை மாதிரித் தெரியும். பாசி செத்துவிட்டது என்று நாமும் விட்டுவிடுவோம். அது சாகவில்லை. அடுத்த மாரியின் முதல் மழை பட்டால் சில மணி நேரத்திலேயே மறுபடி உயிர்க்கும். இந்த இதழில் கூரைக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: எங்களுடையது பிளேட் போட்ட வீடு. இளைய மகளுக்கு மேலே வீடு எடுப்பதற்காகத் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் கட்டாரில். மழை தொடங்கினால் பிளேட்டில் கறுப்பும் பச்சையுமாகப் பாசி பிடித்துக் கால் வைக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் ஆள் பிடித்து அசிட் ஊற்றிக் கழுவுகிறோம். கொஞ்ச நாளைக்கு வெள்ளையாக இருக்கும். அடுத்த மழைக்கு முந்தியதைவிட மோசம். இந்த முறை அறைச் சுவரில் ஈரமும் இறங்கியிருக்கிறது. எந்த அசிட் நல்லது?
– இல்லத்தரசி ஒருவர், சாய்ந்தமருது

பதில்: சகோதரி, இந்த வேலைக்கு நல்ல அசிட் என்று ஒன்று இல்லை. உங்கள் பிளேட்டுக்கு இதுவரை வந்த கெடுதியில் பாசியைவிட அசிட்டின் பங்குதான் பெரிது.

ஹார்ட்வெயார் கடைகளில் போத்தலில் விற்கும் கழுவும் அசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கொங்கிரீட்டில் பட்டதும் பொங்கி நுரைக்கும். பாசி வேகிறது என்று பார்ப்பவர் நினைப்பார். நுரைப்பது சீமெந்து. மேலே இருக்கும் சீமெந்துப் பசை கரைந்து போக, உள்ளே இருக்கும் மணல் வெளியே வரும். இப்போது உங்கள் பிளேட்டை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மணல் ஒட்டிக்கொண்டு வரும். அந்தச் சொரசொரப்பில் தூசு தங்கும், ஈரம் தங்கும், பாசிக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒவ்வொரு வருடமும் முந்தியதைவிட மோசமாவது இதனால்தான். இன்னொரு கெடுதி கண்ணுக்குத் தெரியாது. அந்த அசிட்டில் உள்ள குளோரைட்டு, வெடிப்புகள் வழியாகக் கம்பி வரை போகும். கடற்காற்றில் வரும் உப்பே நமது கட்டடங்களுக்கு வேண்டிய மட்டும் சேர்கிறது. கம்பி துருப்பிடித்தால் பெருக்கும், பெருத்தால் கொங்கிரீட்டைப் பிளக்கும். பிளேட்டின் அடிப்பக்கத்தில் சாந்து பாளம் பாளமாக விழுந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிற வீடுகளைக் கடற்கரை வீதியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கழுவுகிற முறையைச் சொல்கிறேன். துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஏறக்குறைய 5 சதவீத வலுவில் விற்பனையாகிறது. அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேருங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள்தான் கையில் இருக்கிறது என்றால், பத்து லீற்றர் வாளிக்கு 350 கிராம் அளவாகப் போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு, அது வேண்டாம். தூள் புதியதாக இருக்கட்டும். பை திறந்து மாதக்கணக்கில் கிடந்த தூளில் மணம் இருக்கும், வலு இருக்காது.

காற்று அடங்கிய காலை நேரத்தில் செய்யுங்கள். முதலில் காய்ந்த மண்ணையும் சருகையும் தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிடுங்கள். பிளேட்டை இலேசாக நனைத்த பிறகு கலவையைப் பூவாளியால் தெளியுங்கள். 15 முதல் 20 நிமிடம் வரை ஊறட்டும், காய விடக் கூடாது. பிறகு நைலோன் பிரஷ்ஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குளோரினும் கொஞ்சம் உப்பை விட்டுத்தான் போகும், ஆகவே அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கீழே இருக்கும் வாழை, கறிவேப்பிலை, பூமரங்களை முன்னும் பின்னும் தண்ணீரால் நனைத்து விடுங்கள். நமது ஊர் மணல் தரையில் ஊற்றிய தண்ணீர் வெகு சீக்கிரம் கிணற்று ஊற்றைச் சேர்ந்துவிடும். ஆகவே கழுவுகிற தண்ணீர் கிணற்றுப் பக்கம் ஓடாதபடி திருப்பி, கிணற்று வாயையும் மூடிவிடுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மிச்சம் கிடக்கும் அசிட்டையோ, கழிவறை கழுவும் திரவத்தையோ இந்தக் குளோரினோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் கலந்தால் எழும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும், மூடிய இடத்தில் உயிரையும் எடுக்கும். அசிட் ஊற்றியும் போகாத கறைக்கு மேலே குளோரின் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் நமது வேலையாட்களிடம் இருக்கிறது. பக்கத்தில் நின்று தடுங்கள்.

கழுவுவது பாதி வேலைதான். உங்கள் பிளேட்டில் தண்ணீர் நிற்கிறது, பாசிக்கு மூலம் அது. மழை விட்ட மறுநாள் காலை பத்து மணிக்கு மேலே ஏறி, இன்னும் ஈரம் நிற்கும் இடங்களைச் சுற்றிச் சோக்குக் கட்டியால் கோடு போடுங்கள். பாசி தடித்திருக்கும் இடங்களும் அந்தக் கோடுகளும் ஒன்றாகவே இருப்பதைக் காண்பீர்கள். மேல்மாடிக்குத் தளமாகப் போகிறது என்று நினைத்து மேசன்மார் பிளேட்டை மட்டமாகப் போட்டுவிடுவார்கள். மேல்வீடு வரப் பத்து வருடம் ஆகும், அதுவரைக்கும் அதுதான் கூரை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற கணக்கில், தண்ணீர் குழாயை நோக்கி ஓடும்படி ஒரு சாய்வுச் சாந்து போட்டுக்கொள்ளுங்கள். மேல்வீடு கட்டும்போது அதை உடைத்து எடுத்துவிடலாம்.

அடுத்தது நீட்டி விட்ட கம்பிகள். தூண் அடியைச் சுற்றி ஒரு துருக்கறை வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணீர் கம்பியோடு வழிந்து பிளேட்டுக்குள் இறங்குவதற்கு அதுதான் வாசல். அறைச் சுவர் ஈரம் அந்தத் தூணுக்கு நேர் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். கம்பி நுனியில் பிளாஸ்டிக் போத்தல் கவிழ்த்து வைப்பது பிள்ளைகள் கண்ணைக் காக்கும், கம்பியைக் காக்காது. துருவைச் சுரண்டிவிட்டு, கம்பிகளைச் சுற்றிச் சீமெந்து குறைந்த மெலிந்த கொங்கிரீட்டால் ஒரு சிறு தூணாக மூடிவிடுங்கள். மகளின் வீடு தொடங்கும் அன்று சுத்தியலால் தட்டி உடைத்தால் கம்பி அப்படியே கிடைக்கும்.

இதெல்லாம் முடிந்து, வெடிப்புகளை அடைத்து, கச்சான் வெயிலில் பிளேட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் நீர்க்காப்புப் பூச்சு. முதல் கோட் ஒரு பக்கமாக, இரண்டாம் கோட் அதற்குக் குறுக்காக. பாசி இருக்கும்போதே மேலே பூசினால் பூச்சு ஒட்டுவது பாசியில்தான், அது தோலோடு கழன்று வரும்.

உங்களுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் நமது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அன்று மாடிப் பிளேட்டில் ஏறித் தப்பியவர்கள் நமது பல குடும்பங்களில் இருக்கிறார்கள். பிளேட் வீட்டின் மேல் நமக்கு இருக்கும் ஆசையில் அந்த நினைவும் கலந்திருக்கிறது. ஓடி ஏற வேண்டிய படியும் தளமும் வழுக்கக் கூடாது. மற்ற வேலைகள் பிந்தினாலும் படிக்கட்டுப் பாசியை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

*

கேள்வி: வாப்பா காலத்துக் கைத்தறிக் கொட்டில், அஸ்பெஸ்டஸ் சீட் போட்டது. சீட் முழுக்கப் பாசியும் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கும். வாகனம் கழுவும் பிரஷர் மெஷினால் அடித்தால் புதுசு போல வரும் என்கிறார்கள். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாமா?
– நெசவாளர் ஒருவர், மருதமுனை

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிகவும் அவசரமானது உங்களுடையது.

அந்தச் சீட் சீமெந்தும் கல்நாரும் கலந்து செய்தது. சீமெந்து பிடித்து வைத்திருக்கும் வரை நார் வெளியே வராது. பிரஷர் மெஷின், கம்பி பிரஷ், உரசுகிற கல் என்று எதனால் தேய்த்தாலும் மேல் சீமெந்து போய் நார் கழன்றுவிடும். தண்ணீரோடு ஓடி வளவு மண்ணில் படிந்து, காய்ந்ததும் காற்றில் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்பது உலக சுகாதார அமைப்பின் முடிவு. நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் எடுக்கும். அதனால்தான் ‘நாங்கள் இத்தனை வருடம் இதன் கீழ்தானே இருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்ற பேச்சு எடுபடுகிறது.

நமது நாட்டில் வெள்ளைக் கல்நார்ச் சீட் இன்றும் கடையில் கிடைக்கிறது. 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024க்குள் முற்றாக நிறுத்துவது என்று அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பெட்டியில் வண்டு கிடந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது. கல்நார் நமக்குப் பெரும்பாலும் வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். கட்டுப்பாடு ஒத்திப்போடப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. தேயிலைக்காக நமது கூரை விட்டுக்கொடுக்கப்பட்டது என்றே நான் அதை வாசிக்கிறேன்.

இனி உங்கள் கொட்டிலுக்கு வருவோம். நீங்கள் ‘வெள்ளைப் பொருக்கு’ என்று எழுதியிருப்பது லைக்கன். பாசியும் பூஞ்சணமும் சேர்ந்து வாழும் உயிர் அது. அதைப் பிய்க்க வேண்டாம். அப்படிப் படர்ந்த இடங்களில் சீட்டிலிருந்து நார் கழல்வது குறைவாக இருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பார்க்க அழகில்லை என்பதைத் தவிர உங்களுக்கு அதனால் கெடுதி இல்லை. சீட் ஒழுகவில்லை, உடையவில்லை என்றால் அப்படியே விடுங்கள். தறிக்கு மேலே தூசு விழாமல் இருக்க உள்ளே ஒரு சீலிங் அடிப்பது நல்ல செலவு. ஆனால் அதற்காகச் சீட்டில் ஆணி அடிக்கவோ துளைக்கவோ கூடாது. கூரை மரச்சட்டத்தில் தனியாகப் பிடியுங்கள்.

ஒழுகத் தொடங்கிவிட்டது என்றால் மாற்றத்தான் வேண்டும். அகற்றும்போது சீட்டைத் தண்ணீரால் நனைத்து, ஆணியை வெட்டி, முழுச் சீட்டாக இறக்க வேண்டும். மேலிருந்து வீசி உடைப்பது நமது வழக்கம், அதை விடுங்கள். வேலை செய்பவருக்கு நுண்தூசைத் தடுக்கும் முகமூடி வேண்டும், வெறும் துணி போதாது. பீலியில் படிந்திருக்கும் கறுப்புச் சேற்றிலும் நார் இருக்கும். அதை ஈரமாகவே அள்ளித் தடித்த பொலித்தீனில் கட்டுங்கள், பூமரத்துக்குப் பசளையாகப் போட்டுவிடாதீர்கள். உடைந்த சீட் துண்டால் கோழிக்கூடு மறைப்பதும், மாரியில் சேறான ஒழுங்கையை நிரப்புவதும் நமது ஊர்களில் சாதாரணம். சக்கரம் ஏறி ஏறி அது மாவாகும், அந்த ஒழுங்கையில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இறக்கிய சீட்டை எங்கே ஒப்படைப்பது என்று மாநகர சபையிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே கேளுங்கள்.

சுனாமிக்குப் பின் கட்டிய வீட்டுத்திட்டங்களில் குடியிருப்பவர்களும் இதைக் கவனத்தில் எடுங்கள். உங்கள் கூரை எதனால் ஆனது என்று தெரியாமல் யாரையும் தேய்க்க விடாதீர்கள்.

*

கேள்வி: எங்களுடையது பழைய தட்டோட்டு வீடு. வடக்குப் பக்கக் கூரை மட்டும் பச்சை, தெற்குப் பக்கம் சுத்தம். மாமரம் ஒன்றும் வடக்கில் நிற்கிறது. முகட்டில் செம்புக் கம்பி கட்டினால் பாசி வராது என்று அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகன் சொல்கிறார். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நிந்தவூர்

பதில்: சேர், உங்கள் கூரை பாடம் சொல்லித் தருகிறது. நாம் இருப்பது பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகையளவில். நவம்பரிலிருந்து ஜனவரி வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில்தான் மழையும், அதுவும் வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். ஆக வடக்குக் கூரைக்கு மழை அதிகம், வெயில் குறைவு. ஜூனில் சூரியன் வடக்கே வரும்போது நனைவதற்கு மழை இல்லை. இதற்கு மேல் மாமர நிழலும் விழுந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. கூரைக்கு மேல் வந்த கிளைகளை ஆறேழு அடி பின்வாங்க வெட்டினால் போதும். காற்றும் காலை வெயிலும் ஓட்டில் பட வேண்டும், சருகு விழக் கூடாது.

மகன் சொல்வது உண்மை. செம்பின் மீதோ நாகத்தின் மீதோ மழை வழியும்போது மிக நுண்ணிய அளவில் அந்த உலோகம் கரைந்து ஓட்டில் இறங்கும். பாசிக்கு அது நஞ்சு. தகர முகடு போட்ட பழைய ஓட்டுக் கூரைகளில் முகட்டுக்குக் கீழே சில அடி சுத்தமாகவும் அதற்குக் கீழே கறுப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் மெல்லிய கம்பி போதாது, இரண்டு மூன்று அங்குல அகலப் பட்டியாக முகட்டின் நீளத்துக்கு இருக்க வேண்டும். பலன் கூரையின் மேல்பகுதிக்குத்தான், இறவாரம் வரை வராது. உங்கள் பீலி தகரமோ அலுமினியமோ என்றால் அதற்கு மேலே செம்பு வைக்கவே வேண்டாம், செம்புத் தண்ணீர் அவற்றை அரித்து ஓட்டையாக்கும். அந்த இடத்தில் நாகம் பூசிய பட்டிதான் பொருத்தம். கூரைத் தண்ணீரைக் குடிக்கச் சேமிக்கும் வீடுகளுக்கு இந்த முறையை நான் சிபாரிசு செய்வதில்லை. நமது கரையோரத்தில் செம்பின் விலைக்கும் கிடைக்கும் பலனுக்கும், கிளை வெட்டுவதுதான் இலாபம்.

ஓட்டைக் கழுவ மேலே சாய்ந்தமருதுச் சகோதரிக்கு எழுதிய குளோரின் கலவையே போதும். பிரஷர் மெஷின் ஓட்டின் சுட்ட மேற்றோலை உரித்துவிடும், பிறகு ஓடு தண்ணீர் குடிக்கத் தொடங்கும். ஓடும் ஓடும் பொருந்துகிற கவ்வலில் பாசி மெத்தையாக வளர்ந்திருந்தால் அதைக் கையால் எடுங்கள். தண்ணீர் அந்த மெத்தை வழியாக மேல்நோக்கி ஊறி உள்ளே சொட்டும். ஓடு உடையாமலே வீடு ஒழுகுகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். முளைத்திருக்கும் அரசங்கன்றையும் விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

*

கேள்வி: எங்கள் பள்ளிவாசல் குப்பாவுக்கு ஒவ்வொரு நோன்புக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்கிறோம். அடுத்த நோன்புக்குள் கறுப்புக் கோடு கோடாக வந்துவிடுகிறது. ஜமாஅத்தார் பெயின்ட்டைக் குறை சொல்கிறார்கள்.
– பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: பழைய பாசிக்கு மேலேயே வருடாவருடம் பெயின்ட் அடிக்கப்படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கறுப்புக் கோடு என்பது நீலப்பச்சை அல்கா. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது கறுப்பு நிற உறையைப் போர்த்திக்கொள்ளும், பச்சை தெரியாது. குப்பாவுக்கு இறவாரம் கிடையாது. உச்சியில் விழும் மழை முழுவதும் அதன் உடம்பிலேயே வழிந்து, பிறைக் கம்பத்தின் அடியிலும் விளிம்பு வளையங்களிலும் தேங்கி, அங்கிருந்து ஒரே பாதையில் இறங்குகிறது. கோடு விழுவது அந்தப் பாதையில்தான்.

இந்த வருடப் பெயின்ட் காசை அப்படியே வேறு வேலைக்குத் திருப்புங்கள். சாரம் கட்டி, பழைய பெயின்ட்டில் கழன்று நிற்பதை எல்லாம் சுரண்டி, கழுவி, காய விட்டு, வெடிப்பை அடைத்து, விளிம்பு வளையங்களின் அடியில் தண்ணீர் சொட்டி விழும்படி ஒரு பள்ளக்கோடு வெட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு பாசி எதிர்ப்பு மருந்து சேர்ந்த வெளிச்சுவர்ப் பெயின்ட். உள்சுவர்ப் பெயின்ட் மலிவு என்று அடித்தால் ஒரு மாரிகூடத் தாங்காது. கழுவும் நாட்களில் ஹவுழை முற்றாக மூடுங்கள். ஒரே தடவையில் செலவு கூடத்தான் வரும், ஆனால் நான்கைந்து வருடத்துக்குச் சாரம் கட்ட வேண்டி வராது. ஜமாஅத்தின் பணம் வருடாவருடம் பாசிக்கு மேல் பூசப்படுவதைவிட இது நல்லது.

*

கேள்வி: வகுப்பறைச் சுவரில் செங்கல் நிறத்தில் தூள் போலப் படர்ந்திருக்கிறது. துருவா, பாசியா?
– சாதாரண தரம் படிக்கும் மாணவி, காரைதீவு

பதில்: பாசிதான் மகள். ட்ரென்டிபோலியா என்று பெயர். உண்மையில் அது பச்சை அல்கா வகையைச் சேர்ந்தது. கரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின் அதனுள் நிறைய இருப்பதால் பச்சை மறைந்து செம்மஞ்சளாகத் தெரிகிறது. நகத்தால் இலேசாகச் சுரண்டினால் வெல்வெட் துணி போலக் கழலும், துரு அப்படிக் கழலாது. ஈரச் சுவரில்தான் வரும், ஆகவே மேலே எந்தப் பீலி ஒழுகுகிறது என்று அதிபரிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

*

கேள்வி: பீலியில் சருகு அடைத்துத் தண்ணீர் நிற்கிறது. பீலி ஓரத்து ஓடுகள் முழுக்கப் பாசி. டெங்கு என்று சொல்லிப் பரிசோதகர் எச்சரித்துவிட்டுப் போனார். பீலியையே கழற்றிவிடலாமா?
– கடை உரிமையாளர், சம்மாந்துறை

பதில்: கழற்றினால் கூரைத் தண்ணீர் சுவரில் தெறித்துச் சுவரடி பாசியாகும், அடுத்த வீட்டாரோடு சண்டையும் வரும். நமது ஊர்களில் மகள்மாருக்கு ஒரே வளவில் வீடு கட்டிக் கட்டி, ஒரு வீட்டு இறவாரமும் மறு வீட்டுச் சுவரும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த இடுக்கில் பீலி இல்லாமல் முடியாது.

பரிசோதகர் சொன்னது சரி. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நுளம்புக்குப் பீலியில் நிற்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். செப்டெம்பர் கடைசியில் ஒரு தடவை, மழைக்கு நடுவில் ஒரு தடவை பீலியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஒரு முனையில் ஊற்றிப் பாருங்கள். மறுமுனைக் குழாய்க்குப் போகாமல் நடுவில் நின்றால் பீலி தொய்ந்திருக்கிறது, தாங்கு கம்பியை உயர்த்த வேண்டும். மழைநீர் சேமிப்பவர்கள், பருவத்தின் முதல் ஓரிரு மழையைத் தாங்கிக்குள் விடாதீர்கள்.

*

கேள்வி: நான் வேலை தேடும் இளைஞன். கூரை கழுவும் வேலையைத் தொழிலாகச் செய்ய நினைக்கிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– அட்டாளைச்சேனை

பதில்: நல்ல யோசனை தம்பி. ஊரில் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது, முறையாகச் செய்ய ஆள் இல்லை. வேலையை ஆண்டுக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் கழுவுதல், கச்சான் மாதங்களில் வெடிப்பும் சாய்வும் பூச்சும், செப்டெம்பரில் பீலி. நவம்பரில் யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். ‘மழைக்குள் ஒருக்கால் வந்து தேய்த்துத் தாங்க’ என்று கேட்பார்கள், இரட்டிப்புக் கூலியும் தருவார்கள்.

பாசி பிடித்த ஈரக் கூரையில் கால் நிற்காது. அஸ்பெஸ்டஸ் சீட் ஆளின் எடையைத் தாங்காது, பழைய சீட் சொல்லாமல் உடையும். அதில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் குறுக்குச் சட்டங்களுக்கு மேலே பலகை போட்டு, பலகையில் மட்டும் நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை உறுதியான ஓர் இடத்தில். நமது ஒழுங்கைகளில் வீட்டு இணைப்பு மின்கம்பி கூரையை உரசிக்கொண்டு போகிறது. ஈரக் கையில் அலுமினிய ஏணியோ நீண்ட இரும்புத் தடியோ எடுத்துப் போகாதீர்கள், கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மின்சார சபைக்கு அறிவித்த பிறகு தொடங்குங்கள். தனியாக ஒருபோதும் ஏறாதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். மழை விட்டு இரண்டு மூன்று நாள் நன்றாக வெயில் அடித்துக் கூரை காயும்வரை, உங்கள் பிள்ளையையோ அடுத்தவர் பிள்ளையையோ மேலே ஏற்றாதீர்கள்.